காலை பதினொரு மணிக்குச் செத்துப்போகிற சாவி
ஒட்டாவாவிலுள்ள தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வருகிற கடிதங்களை உங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் வாசித்து, "உங்கள் கரிசனைக்கு நன்றி" என்று ஒரு பதிலை அனுப்பிவிடுவார்கள். தமிழில் வந்தால் நீங்களே வாசிப்பீர்கள். இல்லாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பிப்பீர்கள். எப்படியும் கடிதம் வீட்டுக்குள் வந்துவிடும்.

நான் நயாகராவில் ஒரு ஹோட்டலில் இரவு மேசை வேலை செய்கிறேன். நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுப்பது, நடுச்சாமத்தில் ஐஸ் பெட்டி எங்கே என்று கேட்பவருக்கு வழி காட்டுவது, விடிய முன் கணக்கு முடிப்பது. இதுதான் என் உலகம். 2025 யூன் மாதம் அந்த உலகத்துக்குள் மனிற்றோபா மாகாணத்தின் வடக்கிலிருந்து சனம் வந்து இறங்கியது. காட்டுத்தீ. மே 28ஆம் திகதியே அந்த மாகாணம் அவசரகால நிலையை அறிவித்துவிட்டது. 17,000 பேர் வரை வீட்டை விட்டுக் கிளம்பவேண்டி வந்தது. வினிப்பெக்கில் ஹோட்டல் அறைகள் முடிந்ததும், மிஞ்சியவர்களை விமானத்தில் ஏற்றி எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய காட்டுக்கும் எங்கள் மின்விளக்குத் தெருவுக்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

ஒரு சின்ன விசயத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் கணினியில் போகிற திகதி போடாமல் யாருக்கும் அறை கொடுக்க முடியாது. வந்தவர்கள் எப்போது போவார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, அனுப்பியவர்களுக்கும் தெரியாது. ஆகவே "நாளை" என்று போட்டோம். மறுநாள் அதை இன்னொரு நாளைக்குத் தள்ளினோம். இதில் ஒரு கோளாறு: நாங்கள் கணினியில் திகதியை நீட்டினாலும் கையில் இருக்கிற கதவு அட்டைக்கு அது தெரியாது. காலை 11 மணி அடித்ததும் அட்டை செத்துவிடும். மேசைக்குக் கொண்டுவந்து திரும்ப உயிர் கொடுக்கவேண்டும். சுற்றுலா வந்தவன் என்றால் சத்தம் போட்டுக்கொண்டு வருவான், சரி செய்து அனுப்பிவிடலாம்.

அந்தக் கிழமைகளில் ஆள் போதாமல் நான் மத்தியானம் வரை நிற்பேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான்காம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு வயதான அம்மா கதவுக்கு வெளியே, தரையில், முதுகைச் சுவரில் சாய்த்து இருந்தார். பக்கத்தில் கறுப்புக் குப்பைப் பை ஒன்று, அதற்குள் உடுப்பு. மடியில் மருந்துப் பை. அட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறார், சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அவர் மேசைக்கு வரவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. இருந்ததை அடைத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: "இப்ப எங்க கொண்டுபோகப் போறீங்கள்?"

பேரப்பிள்ளைகள் அவரைக் கோக்கம் என்று கூப்பிடுவார்கள். கிறீ என்கிற பூர்வகுடி மொழியில் அம்மம்மா. அந்தப் பேரப்பிள்ளைகள் அப்போது எங்கள் ஹோட்டலில் இல்லை. வருத்தக்காரர், வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் முதல் விமானத்தில், மற்றவர்கள் பிறகு என்பதுதான் வெளியேற்றத்தின் ஒழுங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் விமானம் ஒரு நகரத்துக்கும் அடுத்தது இன்னொரு நகரத்துக்கும் போனால் என்ன நடக்கும்? கோக்கம் நயாகராவில். மகளும் பிள்ளைகளும் வினிப்பெக்கில். மருமகன் தீயணைக்கிற ஆட்களோடு ஊரிலேயே. ஒரு குடும்பம், மூன்று இடம்.

எனக்கு அப்போது 1995 ஞாபகம் வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது எனக்கு 11 வயது. கொட்டும் மழை. அம்மம்மா வழி முழுக்க ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டு வந்தா: கோழிகளுக்குத் தண்ணி வைத்தோமா? கோக்கத்துக்கு ஆழ்குளிர்ப்பெட்டி. மூஸ் இறைச்சியும் மீனும் அதற்குள். வடக்கே கடையில் ஒரு கிலோ இறைச்சி வாங்குகிற விலையில் இங்கே ஒரு கிழமைச் சமையல் செய்யலாம். அந்தப் பெட்டிதான் அவர்களுடைய குளிர்காலம். மின்கம்பம் எரிந்து கரண்ட் போயிருக்குமா, போயிருந்தால் எத்தனை நாள், என்று ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பார். எனக்கு எங்கே தெரியும்?

நாங்கள் குண்டுக்கு ஓடினவர்கள், அவர்கள் நெருப்புக்கு ஓடினவர்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் கண்ணீர் விட நான் வரவில்லை. எங்களை ஓடச் சொன்னவர்களிடம் எங்களுக்காக ஒரு திட்டமும் இருக்கவில்லை. கனடாவிடம் பணம் இருக்கிறது, ஹேர்குலிஸ் இராணுவ விமானம் இருக்கிறது, திட்டம் என்ற பெயரில் கோப்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் தாழ்வாரத்தில் அந்தக் குப்பைப் பை என்பதுதான் என் கேள்வி.

வேலை முடிந்து நித்திரை வராத பகல்களில் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் என்னை அதிகம் உலுக்கியது வசாகமாக் என்கிற ஊர். மனிற்றோபாவின் வடகிழக்கில் ஐலண்ட் லேக் என்ற பெரிய ஏரியையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்து பூர்வகுடி மக்களின், அதாவது முதற்குடிகளின், நாலு ஊர்கள் இருக்கின்றன. முடியாட்சியோடு செய்த 5ஆம் உடன்படிக்கையில் 1909இல் சேர்ந்த மக்கள், தங்களை அனிசினினியூ என்று சொல்கிறவர்கள். குளிர்காலத்தில் ஏரியும் சதுப்பும் உறைந்தால் சில கிழமைகளுக்கு ஐஸ் றோட்டு. மற்ற மாதங்களில் தரைவழி கிடையாது. அந்த வசாகமாக்கில் விமான ஓடுதளமே இல்லை. ஏறத்தாழ 2,000 பேர் இருக்கிற ஊர்.

2017 ஓகஸ்ட் கடைசியில் தீ ஊரின் விளிம்புக்கே வந்துவிட்டது. இரவு. புகை. சனம் சின்னப் படகுகளில் ஏறி, இருட்டில் ஏரியைக் கடந்து, ஓடுதளம் இருக்கிற சென்ட் தெரேசா பொயின்ற் ஊருக்குப் போனது. அங்கிருந்துதான் விமானம். கைக்குழந்தை, சக்கர நாற்காலி, ஒட்சிசன் சிலிண்டர் எல்லாம் படகில். வினிப்பெக் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் மாநாட்டு மண்டபத்தில் வரிசையாகப் போட்ட கட்டில்களில் படுத்தார்கள். பக்கத்து ஊர் கார்டன் ஹில்லுக்கு ஓடுதளம் உண்டு, ஆனால் அது ஏரியில் ஒரு தீவில். கோடையில் அதற்கும் படகு வேண்டும்.

எட்டு வருடம் கழித்து, 2025 யூலையில், அதே ஏரிப்பக்கம் திரும்பவும் தீ வந்தது. வசாகமாக்கில் ஓடுதளம் இன்னும் இல்லை. வடக்கிலுள்ள விமான நிலையங்களை நடத்துவது மாகாண அரசு; முதற்குடிகளுக்குப் பொறுப்பு மத்திய அரசு. கொழும்புக்கும் மாகாண சபைக்கும் நடுவில் சிக்கின கோப்பு எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விமானம் இருந்தாலும் பிரச்சினை தீராது. ஹேர்குலிஸ் இறங்க ஓடுதளம் கண்ணுக்குத் தெரியவேண்டும். தீ வருகிற நாளில்தான் புகை அதிகம். புகை அதிகமான நாளில்தான் விமானம் வராது. அதே மாகாணத்தில் புக்கற்றவாகன் என்ற ஊருக்கு வருடம் முழுக்கப் போகிற றோட்டு இல்லை, ரயிலும் விமானமும் மட்டும். 2025இல் அங்கே புகையில் விமானம் இறங்க முடியாமல் இராணுவ ஹெலிகொப்டர்களை அனுப்பவேண்டி வந்தது. 2023 மே மாதம் அல்பேர்ட்டாவில் ஃபொக்ஸ் லேக் என்ற கிறீ ஊரிலிருந்து 3,700 பேர் பீஸ் ஆற்றைப் படகிலும் மிதவையிலும் கடந்தார்கள். திரும்பிப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இல்லை. அதே மாத முடிவில் ஃபோர்ட் சிப்பெவயான் ஊர்ச் சனமும் படகிலும் விமானத்திலும் வெளியேறியது. இவையெல்லாம் கடைசி நேரத்தில் நடப்பவை. கடைசி நேரத்துக்கு முதல் என்ன நடக்கிறது?

அதற்குப் பதில் உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. தலைமைக் கணக்காய்வாளர் கரன் ஹோகன் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்று வருடத்தில் முதற்குடி ஊர்களில் 1,300க்கு மேற்பட்ட அவசரகால நிலைமைகள். 580க்கு மேற்பட்ட வெளியேற்றங்கள். 1,30,000க்கு மேற்பட்ட ஆட்கள். பூர்வகுடிச் சேவைகள் திணைக்களம், முன்னாயத்தத்துக்குச் செலவழித்ததைப்போல் மூன்றரை மடங்கை நடந்து முடிந்த பிறகு செலவழித்திருக்கிறது. ஊர்கள் கேட்ட, "இது தகுதியானது" என்று திணைக்களமே ஒத்துக்கொண்ட 112 பாதுகாப்புக் கட்டுமானத் திட்டங்கள் காசு ஒதுக்காமல் கிடந்தன. இதே குறையை 2013லும் கணக்காய்வாளர் அலுவலகம் சொல்லியிருந்தது. ஒரு வீட்டுக்காரன் கூரை ஒழுக்கை அடைக்காமல் வருடா வருடம் வாளி வாங்கினால் நாங்கள் என்ன சொல்வோம்? அதுவும் கடன் வாங்கி வாங்கினால்?

அந்த வாளிகளில் ஒன்றுதான் எங்கள் ஹோட்டல். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அறை, மூன்று நேரச் சாப்பாடு, போகவர விமானம், கிழமைக் கணக்கில். நாங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை நான் கண்ணால் பார்த்தவள். தொகையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வேலை போய்விடும். மனத்துக்குள் நானும் பெருக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றுதான். வெளியேற்றுகிற செலவில் ஒரு பங்கை, வெளியேறாமல் இருக்க வைப்பதற்குச் செலவழியுங்கள்.

அது ஆபத்தான பேச்சு என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்வார்கள். 2017 யூலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததை அவர்களிடம் கேளுங்கள். சில்கோட்டின் மக்களின் ட்லெற்றின்கோ ஊருக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது. தலைவர் ஜோ அல்ஃபோன்ஸ் முடியாது என்றார். அந்த ஊரில் தீயணைப்புப் பயிற்சி எடுத்த ஆட்கள் இருந்தார்கள், இயந்திரம் இருந்தது, எந்தப் பள்ளத்தால் காற்று திரும்பும் என்று தெரிந்த வயதானவர்கள் இருந்தார்கள். சுமார் முந்நூறு பேர் நின்று ஊரைக் காப்பாற்றினார்கள். நிற்கிறீர்கள் என்றால் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவோம் என்று பொலிஸார் வெருட்டியதாக அல்ஃபோன்ஸ் அப்போது பகிரங்கமாகச் சொன்னார்.

இந்த ஒரு வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சீருடைக்காரன் வந்து, உங்கள் நன்மைக்காகத்தான் என்று சொல்லி, பிள்ளையை வண்டியில் ஏற்றுவது அந்த மக்களுக்குப் புதிதல்ல. சில்கோட்டின் பிள்ளைகளை வில்லியம்ஸ் லேக் பக்கத்தில் சென்ட் ஜோசப் மிஷன் வதிவிடப் பள்ளிக்கு, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கிற பள்ளிக்கு, கொண்டுபோனார்கள். அது மூடப்பட்டது 1981இல். நாட்டின் கடைசி வதிவிடப் பள்ளிகள் மூடியது 1990களில். கோக்கம் ஏன் மேசைக்கு வந்து கேட்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கதவு சிவப்புக் காட்டினால் மூட்டையைக் கட்டவேண்டும் என்பதைச் சின்ன வயதிலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெளியேற்றத் திட்டம் எழுதுகிறவர்களின் படிவத்தில் இதற்கு ஒரு பெட்டி கிடையாது.

ட்லெற்றின்கோ கதைக்கு நல்ல தொடர்ச்சியும் உண்டு. 2018 பெப்ரவரியில் சில்கோட்டின் அரசும் மாகாண அரசும் மத்திய அரசும் கூட்டு அவசரகால முகாமைத்துவ உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வைத்தன. அதாவது, ஊர்க்காரனும் ஒரு அரசு, உத்தரவு போடுகிற மேசையில் அவனுக்கும் கதிரை உண்டு என்று ஒத்துக்கொண்டன. ஒருமுறை செய்யமுடிந்ததை வட மனிற்றோபாவில், வட ஒன்ராறியோவில், சஸ்கச்சுவானில் செய்ய ஏன் இத்தனை வருடம்?

நெருப்பைப் பற்றி அந்த மக்களுக்கு எங்களைவிட அதிகம் தெரியும். இளவேனிலில், பனி கரைந்து நிலம் ஈரமாக இருக்கும்போதே, புல்லையும் சருகையும் கட்டுப்பாட்டோடு எரித்துவிடுவார்கள். கோடைத் தீக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1874லேயே சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கினார்கள். நூற்றைம்பது வருடமாகச் சேர்ந்த சருகு இப்போது எரிகிறது, வெப்பமாகிவிட்ட காலநிலையில். 2023இல் மட்டும் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது. அந்தப் புகை ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட மைதானத்தையும் மூடியது. அப்போது எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஓடியது எந்தக் கடையில் காற்று வடிகட்டி மலிவு என்ற கதைதான். என் குழுவிலும்தான். இதில் நானும் யோக்கியம் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்களில் ஒருவர் 2023இலிருந்து 2025 வரை முதற்குடிகளோடு அரசின் உறவைக் கவனிக்கிற அமைச்சராகவே இருந்தார், இப்போது பொதுப் பாதுகாப்பு அமைச்சர். அவசரகால முகாமைத்துவத்துக்குத் தனி அமைச்சர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதவைத் தட்டுங்கள் என்று பதில் போட்டுவிடாதீர்கள். நீங்களே தட்டுங்கள். ஒரே அமைச்சரவை, ஒரே தாழ்வாரம்.

வசாகமாக்குக்கு ஓடுதளம் எப்போது என்று சபையில் எழும்பிக் கேளுங்கள். திகதி கேளுங்கள், "விரைவில்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அந்த 112 திட்டங்களில் இன்றைக்கு எத்தனைக்குக் காசு போயிருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள். றோட்டில்லாத ஒவ்வொரு ஊரிலும் வருடம் முழுக்கச் சம்பளம் வாங்குகிற ஊர்த் தீயணைப்புக் குழு வேண்டும். கோடையில் மட்டும் கூப்பிட்டு, மழை பெய்ததும் வீட்டுக்கு அனுப்புகிற கூலியாட்களாக அவர்களை வைத்திருக்க முடியாது. புகை மட்டும்தான் பிரச்சினை என்கிற நாட்களும் நிறைய உண்டு. பள்ளிக்கூடத்துக்கோ சனசமூக மண்டபத்துக்கோ நல்ல காற்று வடிகட்டியும் மின்பிறப்பாக்கியும் பூட்டினால், வருத்தக்காரர் அங்கேயே மூச்சு விடலாம். ஒரு மூச்சுக்காகக் கோக்கத்தை நயாகரா வரை பறக்க விடத் தேவையில்லை.

போயே ஆகவேண்டும் என்றால், சேர்த்து அனுப்புங்கள். நோயாளியோடு ஒரு துணை என்று மட்டும் கணக்குப் பார்க்காமல் வீட்டோடு அனுப்புங்கள். ஒரு ஊர் ஒரு இடத்துக்கு. அவர்களின் மொழி பேசுகிற ஒருவர் மேசையில் இருக்கட்டும். எங்கள் ஹோட்டலில் கிறீ பேசுகிற ஒருவரும் இல்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லாத அகதி விண்ணப்ப அறையில் எங்கள் அப்பாமார் இருந்த கதையை நீங்களும் கேட்டுத்தான் வளர்ந்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் சனத்துக்கும் சேர்த்து. ஆழிப்பேரலைக்குக் காசு சேர்த்தோம், வன்னிக்குச் சேர்த்தோம், வீதியை மறித்து நின்றோம். வடக்கு எரிந்தபோது எங்கள் தெருவிழா மேடைகளில் ஒரு உண்டியலையும் நான் காணவில்லை. விழா தொடங்க முன், இது இன்ன முதற்குடிகளின் நிலம் என்று ஒரு பிள்ளை தாளைப் பார்த்து வாசிக்கும், கை தட்டுவோம், பிறகு பறை அடிப்போம். அந்த மேடைகளுக்கு நீங்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறீர்கள். அடுத்த முறை மைக்கைப் பிடிக்கும்போது எங்களைப் புகழ்வதைக் கொஞ்சம் குறைத்து இதைக் கதையுங்கள்.

கோக்கம் நாலாம் கிழமை ஊருக்குப் போனார். மகளும் பிள்ளைகளும் இரண்டாம் கிழமையே வந்து சேர்ந்திருந்தார்கள். அதற்கும் எத்தனை தொலைபேசி. கடைசி நாள் கதவு அட்டையை என் கையில் தந்துவிட்டு, பதினொன்றாக இன்னும் பத்து நிமிசம் இருக்கு என்று சொல்லிச் சிரித்தார். ஆழ்குளிர்ப்பெட்டியின் கதை என்னானது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்யச் சொல்லி முகாமையாளரோடு சண்டை பிடித்தேன். இப்போது வெளியேற்றப்பட்டவர்களின் அட்டையை முப்பது நாளுக்கு உயிரோடு வைக்கலாம். இரண்டு நிமிச வேலை. அதைச் செய்விக்க எனக்கு ஒன்பது நாள் எடுத்தது.

பனி கரைந்ததும் அடுத்த தீக்காலம் தொடங்கிவிடும். பதில் எழுதுவதானால் தமிழிலேயே எழுதுங்கள். தொலைபேசி எடுப்பதானால் பகலில் வேண்டாம், நித்திரை கொள்வேன். இரவு பதினொன்றுக்குப் பிறகு எடுத்தால் மேசையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
இரவு மேசையிலிருந்து ஒருத்தி
நயாகரா, ஒன்ராறியோ